தொண்ணூற்றொன்பது சதவீதம்

ஆஸ்பத்திரி ஆவண அறையில் ஏசி குளிர்கிறது. அக்காவுக்கு மட்டும் வியர்க்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் தங்கைக்கு ஆபரேஷன். ஆனால் டாக்டருக்குப் போன ஸ்கேன் ரிப்போர்ட் வேறு யாருடையதோ. டை கட்டிய கணினி நிபுணர் திரையில் ரிப்போர்ட்டுக்கு ஒன்றாக, ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும் இரண்டு அம்புகளைக் காட்டித் தாமே சொக்கிப்போகிறார். "நடுவுல இருக்கற கோணத்தைப் பாருங்கம்மா, கிட்டத்தட்ட சைபர். டாக்டருக்குப் போனதுலயும் உங்க தங்கச்சியோடதுலயும் இருக்கற வார்த்தைகளையெல்லாம் கம்ப்யூட்டர் எண்ணிக் கணக்குப் போட்டிருக்கு. ரெண்டும் தொண்ணூத்தொம்பது சதவீதம் ஒரே ரிப்போர்ட்!" அக்கா டாக்டருக்குப் போன ரிப்போர்ட்டின் நகலை மேசையில் அறைகிறாள், அவருடைய காபிக் கோப்பை குதிக்கிறது. "இதுல வலது கிட்னியை எடுக்கணும்னு இருக்கு. அவளுக்குக் கெட்டுப்போனது இடதுய்யா!" "ஒரே ஒரு வார்த்தைதானேம்மா வித்தியாசம்?" "அந்த மிச்ச ஒரு சதவீதத்துலதான்யா என் தங்கச்சி உசுரு இருக்கு. போனை எடு, நிறுத்தச் சொல்லு!" நிபுணரின் கை போனைத் தாண்டி மௌஸுக்குப் போகிறது. அம்புகளைப் பெரிதாக்குகிறார். அக்கா அவரை இடித்துத் தள்ளிவிட்டுத் தானே போனை எடுக்கிறாள்.