வலப்பக்கத்துப் பொட்டலம்

கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு முணுமுணுக்க அம்மன் சந்நிதி வாசலில் நின்றிருந்தாள் மோகனப்பிரியா. பக்கத்தில் நின்ற கலைமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 'வேண்டிக்க, நல்லா வேண்டிக்க. ஒண்ணும் ஆகப்போறதில்ல' என்று மனதுக்குள் நக்கலடித்தான்.

திருச்செங்கோட்டுக் கல்லூரியில் ஆரம்பித்த ஏழு வருஷக் காதல். இரண்டு வீட்டிலும் நடக்காத கூத்து இல்லை. அவன் அம்மா ராமாத்தாள் மூன்று நாள் பட்டினி கிடந்தாள். அவள் அப்பா சண்முகவேல் ஒரு வருஷம் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. இதுகள் இரண்டும் ஒற்றைக்காலில் நின்று சம்மதம் வாங்கின.

வாங்கின பிறகுதான் வினை பிடித்தது. அவனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி. வருஷத்தில் எட்டு மாதம் வடநாட்டில் போர் போடுகிற பிழைப்பு. கட்டிக்கொள்கிறவள் வீட்டோடு இருந்து, பெரியவர்களுக்குச் சோறாக்கி, எருமைக்குத் தண்ணீர் காட்டினால் போதும் அவனுக்கு. அவளோ பரீட்சை எழுதி அரசாங்க வேலை வாங்கிவிட்டாள். அடுத்த மாதம் சென்னையில் போய்ச் சேர வேண்டும்.

போன வாரம் பேக்கரியில் வைத்து அது வெடித்தது.

"வேலைய உட்டுப்போட்டு ஊட்ல இரு. உன்ர சம்பளத்துலதான் எங்கூட்ல ஒல வெக்கோணுமா?"

"நீ வண்டிய வித்துப்போட்டு மெட்ராஸுக்கு வா. நானே ஒல வெக்கறேன்."

"ஒரு ஆம்பளகிட்டப் பேசற பேச்சா இது?"

"ஆம்பளயா? எங்க?" என்று அவள் கடை முழுக்கத் தேடிப் பார்த்தாள்.

அவன் டீ கிளாஸைத் தரையில் அடித்தான். அவள் முட்டை பப்ஸை அவன் சட்டை மேலேயே எறிந்தாள். ஏழு வருஷத்துக் 'கண்ணு', 'தங்கம்' எல்லாம் அங்கே கல்லாக்காரர் முன்னால் கரைந்து போயிற்று.

ஆனால் இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வேண்டாம் என்பது? பெற்ற தாயைப் பட்டினி போட்டுச் சம்மதம் வாங்கியவன் அவன். அவளும் லேசில் விடுகிற ஆள் இல்லை, தன்னை விட்டால் அவளுக்கு வேறு யார் என்பது அவன் எண்ணம். யோசித்து யோசித்துக் கடைசியில் பழியை அம்மன் தலையில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.

அந்த ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதலில் அம்மனிடம் பூக் கேட்க வேண்டும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக ஈர வாழையிலையில் ஒரே மாதிரி பொட்டலம் கட்டிக் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும்.

பூசாரி கைலாசம் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதாகப் பேர். பெரியவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டுவிட்டால் வெள்ளையை வலப்பக்கம் வைத்து, வலப்பக்கத்தையே எடுப்பார். கல்யாண காரியத்தைச் சாமியை நம்பி விட யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? இது ஊருக்கே தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. நேற்றே இரண்டு அப்பாக்களும் சேர்ந்து போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

பொட்டலங்களை வைத்துவிட்டுப் பூசாரி வெளியே வந்தார்.

"மொதல்ல மாப்பள மட்டும் போயி வெளக்கேத்திக் கும்புட்டுட்டு வரட்டுமுங்க. அப்பறம் அம்மிணி போகட்டும்."

கலைமணி உள்ளே போனான். விளக்கை ஏற்றினான். வலப்பக்கத்துப் பொட்டலத்தை இடப்பக்கமும், இடப்பக்கத்ததை வலப்பக்கமும் மாற்றி வைத்தான். கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து மோகனப்பிரியா போனாள். அவனைவிடக் கொஞ்சம் அதிக நேரமே உள்ளே இருந்தாள். 'ஏழு வருஷத்தையும் ஒப்பிக்கறாளாக்கும்' என்று நினைத்துக்கொண்டான். முந்தானையில் கையைத் துடைத்தபடி குனிந்த தலையோடு வந்து நின்றாள். பாவமாகத்தான் இருந்தது. பேக்கரி ஞாபகம் வந்ததும் அந்தப் பாவமும் போய்விட்டது.

சிவப்பு வந்ததும் நாலு பேர் பார்க்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும், சாயங்காலமே வண்டியைக் கிளப்பிக்கொண்டு ராய்ப்பூர் போய்விட வேண்டும். எல்லாம் அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். முகத்தைக்கூட இப்போதே லேசாகத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

மணி அடித்தது. பூசாரி கண்ணை மூடினார். கை நேராக வலப்பக்கம் போயிற்று. வாழைநாரை அவிழ்த்தார்.

"வெள்ள! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா சாமீ!"

குலவைச் சத்தத்தில் கோயில் அதிர்ந்தது. ராமாத்தாள் ஓடிவந்து வருங்கால மருமகளைக் கட்டிக்கொண்டாள். "தை மொத முகூர்த்தத்துலயே வெச்சுக்கலாமுங்க" என்று இரண்டு அப்பாக்களும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கலைமணி எட்டிப் பார்த்தான். வெள்ளைப் பூவேதான். தன் கையால்தானே மாற்றி வைத்தான்! வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மனை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. தானாகவே கை இரண்டும் குவிந்தன.

மோகனப்பிரியா சந்தோஷத்தில் அழுதுகொண்டிருப்பாள் என்று திரும்பினான். அவள் முகம் செத்துப்போயிருந்தது. அவன் விழிக்கிற விழியையே வைத்த கண் வாங்காமல் பார்த்தவள், மெல்ல நெருங்கி வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் பல்லைக் கடித்தாள்.

"அடப்பாவி… நீயுமா மாத்தி வெச்ச?"