முதல் குடம்

"எங்கடை ஆக்கள்தான்" என்று சண்முகநாதன் மனைவியின் காதருகே குனிந்து சொன்னார். "உறுதியாத் தெரிஞ்சிட்டுது. உந்தக் கடதாசிக் கப்பை எறிஞ்சுபோட்டு, வீட்டிலை இருந்து வெள்ளி மூக்குப்பேணியைக் கொண்டு வாரும்."

பூவரச மரத்தடியில் தனியே நின்ற பிரதம விருந்தினரை இரத்தினம்மா எட்டிப் பார்த்தாள். "இரண்டு கிழமையா ஊர் முழுக்கப் போன் போட்டும் ஆற்றை ஆள் எண்டு பிடிக்கேலாமல் கிடந்தியள். இப்ப எப்பிடி?"

"அவவே சொன்னவ. தாய் சின்ன வயசிலை நாள் தவறாமல் இந்தக் கிணத்தடிக்குத் தண்ணிக்கு வந்தவவாம். இந்தக் கிணத்துக்கு வேறை ஆர் வந்தது?"

அவர் தலைக்கு மேலே பதாகை காற்றில் உப்பியது. 'பேதமின்றி ஊரே அள்ளிக் குடித்த கிணறு. மரபுரிமைக் கழகத்தின் மரபு நாள்.' அந்த வாசகத்தை எழுதியதும் கழகத் தலைவரான அவர்தான். எழுதியதும் இப்போது சொன்னதும் ஒரே மனதுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

பிரதம விருந்தினரான சுவர்ணா, மரபுரிமைச் சின்னங்களைத் தெரிவு செய்யும் அதிகாரி. அவள் இன்று சம்மதித்தால் கிணற்றடியில் ஒரு கல் நாட்டலாம். கிணற்றை வெட்டுவித்த, அந்தக் கால ஊர் அதிகாரியான அப்பப்பா விதானையாரின் பெயரை அதில் பொறிக்கலாம். சண்முகநாதன் கழகம் தொடங்கியதே அந்தக் கல்லுக்காகத்தான்.

ஆனால் கொழும்பில் வளர்ந்த அந்தப் பெண்ணின் பெயரில் ஊரும் இல்லை, குலமும் இல்லை. யாரென்று தெரியாத ஒருத்தியின் கையிலா அப்பப்பாவின் பெயர் தங்கியிருக்கிறது என்று எண்ணி எண்ணி அவர் நித்திரை கெட்டிருந்தார். இப்போது அந்த முள் கழன்றுவிட்டது. காலையில் "மேடம்" என்று அழைத்த வாய், "பிள்ளை" என்று குழைந்தது.

"இந்தாங்கோ பிள்ளை, மோர் குடியுங்கோ. எங்கடை அப்பப்பா பாவிச்ச பேணி."

சுவர்ணா பேணியின் மூக்கில் வாய் வைத்து ஆறுதலாகக் குடித்தாள். அண்ணாந்து ஊற்றத்தான் அந்த மூக்கு என்பது தெரியாத பிள்ளை என்று சண்முகநாதன் செல்லமாகச் சிரித்தார். வேறு யாரும் அப்படி வாய் வைத்திருந்தால், பேணி பின்வளவில் சாம்பலோடு கிடந்து உருண்டிருக்கும்.

"அம்மா இந்தக் கிணத்தைப் பற்றி என்ன சொல்லுவா, பிள்ளை?"

"தான் நிண்ட இடத்தைத்தான் சொல்லுவா. இந்தப் பூவரசடி. விடிய வெறுங்குடத்தோடை வந்தால், தண்ணி கிடைக்கச் சில நாள் மத்தியானமாகுமாம்."

சண்முகநாதன் ஒலிவாங்கியைப் பறித்தார். "கேட்டியளே! விடிய வந்தவைக்கு மத்தியானந்தான் தண்ணி! அவ்வளவு சனம் வந்து அள்ளியிருக்கு. இதுதான் எங்கடை ஊரின்ரை ஒற்றுமை!"

"அப்ப டோக்கன் குடுத்தவையோ, தலைவர்?" என்று பின்வரிசையிலிருந்து செபநாயகம் கத்தினார். கதிரைகள் சிரித்தன, பிறகு கைதட்டின.

இரத்தினம்மா மட்டும் கைதட்டவில்லை. "இஞ்சருங்கோ, பூவரசடியிலை நிண்டவ எண்டால்..."

"சும்மா இரும். பிறகு கதைப்பம்."

கலியாணம் செய்த நாள் முதல் அந்த 'சும்மா இரும்' எத்தனையையோ அவள் விழுங்கியிருந்தாள். இதையும் விழுங்கினாள். ஏனோ இது மட்டும் கொஞ்சம் இனித்தது.

அடுத்தது முதல் குடம். புதிதாக நட்ட துலாவுக்கு மாலை போட்டிருந்தார்கள். கழகப் பெண்கள் கூறைச் சேலையும் இடுப்பில் குடமுமாகப் படத்துக்கு நின்றார்கள். அவர்களில் ஒருத்தியும் துலாக்கயிறு பிடித்ததில்லை. எல்லார் வீட்டிலும் மோட்டார்.

"முதல் குடத்தைப் பழைய முறைப்படி பிள்ளை நிரப்புவா. பிறகு கல்லுக்குச் சம்மதம் எண்டு தன்ரை வாயாலை சொல்லுவா" என்று சண்முகநாதன் அறிவித்தார்.

"முழுக்கப் பழைய முறைப்படியோ?" என்று சுவர்ணா கேட்டாள்.

"ஓம் பிள்ளை, ஒரு துளியும் மாறக்கூடாது. அப்பத்தானே அது மரபு?"

"அது சரி. மாறினால் நானும் சம்மதம் சொல்லேலாது."

"கேட்டியளே! இதுதான் எங்கடை ரத்தம்!" சண்முகநாதனின் கண் கலங்கியே விட்டது. கல்லில் அப்பப்பாவின் பெயருக்குக் கீழே தன் பெயருக்கும் இடம் விட வேண்டும் என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தார்.

சுவர்ணா செருப்பைக் கழற்றினாள். பக்கத்தில் நின்ற பெண்ணின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கினாள். சண்முகநாதன் கிணற்றுக் கட்டின் மேல் ஏறி நின்று, துலாக்கயிற்றை இழுத்து அவள் பக்கம் நீட்டினார். படமெடுப்பவர் முழங்காலில் குந்தினார்.

"ஏறி வாங்கோ பிள்ளை, கயித்தைப் பிடியுங்கோ."

சுவர்ணா கட்டில் ஏறவில்லை. பூவரச நிழலிலேயே நின்று, குடத்தை இரண்டு கையாலும் அவரை நோக்கி ஏந்தினாள்.

"எங்கடை ஆக்கள் கயித்தைத் தொடக்கூடாதுதானே, நீங்களே அள்ளி ஊத்துங்கோ, ஐயா."