அலை மரம்

ராயபுரத்தில் கிட்டார் செய்யும் சிரில், ஹவாய் மரப்பலகையை ஈரத்துணியால் துடைத்ததும் அலை அலையாய் வரிகள் மின்னின.

"இதையே முகப்புல போடு, நைனா" என்றாள், மகள் சௌமியாவுக்குக் கிட்டார் செய்யச் சொல்ல அவளோடு வந்திருந்த குணசுந்தரி.

"அழகா கீதும்மா. ஆனா இந்த வெள்ளை மரத்துலதான் சவுண்டு கணீர்னு வரும்" என்று பக்கத்திலிருந்த வெளிறிய பலகையையும் இதையும் தட்டிக் காட்டினார் சிரில்.

அவர் முகத்தையே பார்த்திருந்தவள், "எனுக்கு அலைதான் வோணும்" என்றாள்.

சிரில் சலிப்போடு திரும்பி இழைப்புளியை எடுத்தார். "பொண்ணு வாசிக்கறது நல்லா கேக்க வேணாமா? ஷோகேஸ்ல வெக்கவா கிட்டாரு?"

குணசுந்தரி அலை வரிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

சௌமியா அம்மாவின் தோளைத் தொட்டு, அவர் கேட்டதைக் கைஜாடையில் சொன்னாள்.

குணசுந்தரி சிரித்தாள். "இவ வாசிச்சா நீங்கல்லாம் கேப்பீங்க, நைனா. எனுக்குத்தான் காது பூட்ச்சே. நான் பாக்கத்தானே முடியும்?"