முப்பதைக் கழித்துப் பாதி

அமெரிக்காவில் இருக்கும் தம்பி போனில் சொல்லும் பாரன்ஹீட் வெயிலை, முப்பதைக் கழித்துப் பாதியாக்கித்தான் செங்கோடன் புரிந்துகொள்வார். குஞ்சு பொரிக்கப் புதிதாக வாங்கிய இன்குபேட்டருக்கு நூறு பாரன்ஹீட் சூடு வேண்டும் என்று கேள்விப்பட்டபோதும் அதே கணக்குத்தான் போட்டார். முப்பத்தைந்து செல்சியஸ் வைத்தார். மனைவி ராசாமணியின் அடைக்கோழிக்கு அடியில் கூடையில் இருந்த முட்டைகளை எடுத்து அதற்குள் அடுக்கியதும் அவர்தான். குஞ்சு வரவேண்டிய நாள் தாண்டியும் ஓடு விரியவில்லை. தம்பியிடம் கேட்டார்.

"முப்பத்தெட்டு வெச்சிருக்கோணும்ணா. அந்தக் கணக்கு வெயிலுக்குப் போதும், முட்டைக்கு ஆகுமா?" என்றான்.

ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். இறகு முளைத்த குஞ்சு கண் திறக்காமல் கிடந்தது.

"ஏனுங்க, ஏதாச்சும் பொரிச்சுதா?" என்று ராசாமணி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"இன்னும் ரெண்டு நாளாகும்" என்றார்.

கோழி அந்த வெறுங்கூடையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. சரியான சூடு எவ்வளவு என்று தொட்டுப் பார்க்க அதன் வயிற்றுக்கடியில் கையை விட்டார். கொத்தினால் தேவலை என்றிருந்தது. கோழி சற்றே எழுந்து, அலகால் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துச் சேர்த்து, சிறகை அகல விரித்து அவற்றின் மேல் மெல்ல உட்கார்ந்துகொண்டது.