படகோட்டியின் மூக்கு

குறி பார்க்கும் டாரட் சீட்டுக் கட்டின் பதின்மூன்றாம் சீட்டான சாவுச் சீட்டில் எலும்புக்கூடுதான் இருந்தாக வேண்டும் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மன்னிக்க முடியாத பிழை. கிரேக்கப் புராணத்தை வைத்து வரையும் கட்டில் அந்த இடத்தைக் காரோனுக்குக் கொடுக்கலாம். செத்தவர்களை இருட்டு ஆற்றில் அக்கரை சேர்க்கும் படகோட்டி அவன். எலும்புக்கூடு அல்ல, சதையும் தாடியும் உள்ள சிடுமூஞ்சிக் கிழவன்.

கிழவன் என்பதில்தான் தகராறு.

பழைய எண்ணெய் ஓவியங்களின் பாணியில் மருமகள் வரைந்த கட்டு, அன்றுதான் அச்சாகி வந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்திறங்கிய நாத்தனார், அப்பா தூங்குகிறார் என்றதால் கூடத்தில் உட்கார்ந்து சீட்டுகளைப் புரட்டினாள். இறக்கை உருகி விழும் இகாரஸ் பிரமாதம் என்றாள். பதின்மூன்றில் கை நின்றது.

கறுப்புத் தண்ணீர். படகு. துடுப்போடு ஒரு கிழவி.

"அண்ணி, இது எங்கம்மா மூக்கு."

மருமகள் சீட்டுகள் வந்த உறையை மடிக்க ஆரம்பித்தாள்.

"மோவாய் மச்சம்கூட விடலை. மாமியாரைப் பிடிக்கலேன்னா நேரா சொல்லுங்க. சாவுச் சீட்டுலயா வரைவீங்க? அதுவும் அப்பா இப்பவோ அப்பவோன்னு கிடக்கிறப்ப?"

அண்ணன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவே அவன் கண்டுபிடித்திருந்த ஒரே ஒதுங்குமிடம் அது.

நாத்தனார் சீட்டோடு அப்பாவின் அறைக்குப் போனாள்.

போன தடவை வந்தபோது அந்த அறையில் பகலிலும் விளக்கு எரிந்தது. அணைத்தால் அப்பா அலறுவார். மூலையைக் காட்டி, அங்கே நிற்கிறவன் யார், என்னைத் தனியாகக் கூட்டிப்போகவா வந்திருக்கிறான் என்று கேட்பார். மூலையில் யாரும் இருந்ததில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

இன்று விளக்கு அணைந்திருந்தது. மூலையில், சட்டம் போட்டு, அதே படகும் அதே கிழவியும்.

கட்டிலருகே இருந்த அம்மா, சீட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.

"மூக்கு கொஞ்சம் பெரிசாத்தான் வந்திருக்கு."

"உனக்குக் கோபமே வரலையா?"

"நான்தானேடி வரையச் சொன்னேன். போன மழைக்காலத்துல, கவுத்துப் போட்ட மேஜையில மாப் குச்சியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். உங்க அண்ணிக்கு இஷ்டமே இல்லை. வரைஞ்சு முடிக்கிறவரை அழுதா." குரலைத் தணித்தாள். "தனியாப் போகத்தான் அவருக்குப் பயம். ஓட்டப்போறது யாருன்னு தெரிஞ்சா தூங்குவார்னு தோணிச்சு."

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"இவ ஸ்கூட்டர் ஓட்டினாலே நான் கண்ணை மூடிக்குவேன்."

"மூடிக்குங்க," என்றாள் அம்மா. "கரை வந்ததும் எழுப்பறேன்."

நாத்தனார் கூடத்துக்குத் திரும்பி, சீட்டை அதன் இடத்தில் செருகினாள். அண்ணியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், டீ போடட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மத்தியானம், அம்மா பக்கத்து நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், அப்பா போய்விட்டார். முகம் அமைதியாக இருந்தது.

அம்மாவை எழுப்பத்தான் வெகுநேரம் ஆனது. தோளைப் பிடித்துக் குலுக்கியும் கண் திறக்கவில்லை. எங்கேயோ தொலைவிலிருந்து திரும்பியவள் போல மூச்சு வாங்க விழித்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தண்ணீர் கேட்டாள். பிறகு, எரிகிறது என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

உள்ளங்கை முழுக்கப் புதுக் கொப்புளங்கள்.

மருமகள் களிம்பு எடுத்து வந்தாள். நாத்தனார் தடவிவிட்டாள்.