நெற்றியில் ஒரு வெட்டு

ஜிபினின் நெற்றியில் வெட்டு போதாது, இன்னும் ஆழமாக வேண்டும் என்று சாம்பசிவன் சொன்னான். குற்றாலலிங்கம் மறுபேச்சில்லாமல் அந்த இளம் முகத்தைப் புருவம் வரை பிளந்துவிட்டார். ரத்தம் கன்னத்தில் வழிந்ததும்தான் சாம்பசிவன் தலையாட்டினான்.

பிறகு, கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் படத்தை முதலில் தன் போனுக்கு அனுப்பச் சொன்னான்.

கேரளத்து வித்துராவில், சந்தைப் பக்கம் குற்றாலலிங்கம் ஃப்ளெக்ஸ் போர்டு கடை போட்டுப் பதினெட்டு வருடம். சாம்பசிவன் ஒரு கட்சியின் வட்டாரச் செயலாளர். ஜிபின் அதே கட்சிக்குக் கொடி கட்டுகிறவன். போர்டு வாங்க அவன்தான் எப்போதும் வருவான். முந்தின நாள் சாயங்காலம் கல்லாற்றங்கரையில் அவனுடைய பைக்கும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. எதிர்க்கட்சிக்காரர்கள் அவனை வெட்டிக் கொன்று ஆற்றில் வீசிவிட்டார்கள், இன்று ஹர்த்தால் என்று விடிந்ததும் மைக்கில் அறிவித்தவன் சாம்பசிவன்.

பாடி கிடைத்ததா என்று குற்றாலலிங்கம் கேட்டார்.

"அது கிடைக்கிறப்போ கிடைக்கட்டும் அண்ணாச்சி. போர்டு மத்தியானத்துக்குள்ள வேணும்."

பத்தே நிமிடத்தில் அந்தப் படம் ஊரிலுள்ள எல்லாப் போனிலும் இருந்தது. அதுவரை கடை வாசல்களில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் ரோட்டுக்கு இறங்கினார்கள். பொன்முடி ரோட்டில் நின்ற பஸ்ஸின் கண்ணாடிகள் நொறுங்கின. ஃப்ளெக்ஸ் கடைக்கு எதிரே வாழைக்குலை வியாபாரம் செய்யும் அனந்தபத்மநாபன் எதிர்க்கட்சி அனுதாபி. இருபது பேர் அவனை வெளியே இழுத்துப் போட்டு, வலது கையைத் தரையில் வைத்துப் தராசுப் படிக்கல்லால் இடித்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் ஜிபினின் பெயரைச் சொன்னார்கள்.

அலறல் கடைக்குள் கேட்டது. குற்றாலலிங்கம் வீட்டுக்குப் பழம் வாங்குவது அவனிடம்தான். ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. மெஷினிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய எட்டடி முகத்தைப் பார்க்கப் பார்க்க, இவர்களுக்கு இது வேண்டியதுதான் என்று அவருக்கும் பட்டது. அந்த வெட்டைத் தானே வரைந்தது அவருக்கு மறந்துபோயிருந்தது.

பதினோரு மணிக்கு, ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்த பின்கதவை யாரோ தட்டினார்கள். அவர் மனைவி பகவதி போய்த் திறந்தாள். திறந்தவள் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள்.

ஜிபின் நின்றான். சட்டை கிழிந்திருந்தது. இடது முழங்கையில் எலும்பு வெளியே பிதுங்கித் தெரிந்தது. நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணாச்சி, கொறச்சு வெள்ளம்."

இரண்டு செம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் அவனால் பேச முடிந்தது. யாரும் அவனை வெட்டவில்லை. ஈர வளைவில் பைக் சறுக்கி ஆற்றுக்குள் விழுந்திருக்கிறான். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்ப் பாறை இடுக்கில் தள்ளியது. போன் ஆற்றோடு போயிற்று. விடிந்த பிறகே கரையேற முடிந்தது. ஹர்த்தால் என்பதால் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்ட ஒருவரும் வரவில்லை. அதற்குள்ளேயே தட்டுத்தடுமாறி நடந்து வந்திருக்கிறான்.

சுவரில் காயப்போட்டிருந்த தன் முகத்தை அப்போதுதான் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இது ஆரு வெட்டினது?"

குற்றாலலிங்கம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே அனந்தபத்மநாபனின் கடை எரிந்துகொண்டிருந்தது. அவன் இன்னும் ரோட்டிலேயே கிடந்தான். அவனைச் சுற்றி நின்றவர்கள் இப்போது காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். குற்றாலலிங்கம் சாம்பசிவனைக் கூப்பிடப் போனை எடுத்தார். பகவதி அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் கேட்டேளா. மொதல்ல இவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். நாலு பேரு பாக்கட்டும்."

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒரு உயிர் போய்விடும் என்றார் அவர். கூட்டத்தைக் கிளப்பிவிட்டவன் சொன்னால்தான் கூட்டம் நிற்கும். ஜிபினைத் தோளில் தூக்கிக் காட்டினால் போதும், கல்லைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போனில் விஷயத்தைச் சொன்னபோது சந்தோஷத்தில் அவருக்கு நாக்குக் குழறியது.

ஐந்து நிமிடத்தில் சாம்பசிவன் இரண்டு பேருடன் வந்தான். அவனைக் கண்டதும் ஜிபின் குழந்தை மாதிரி அழுதான். ஒடிந்த கையில் படாமல் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, சாம்பசிவன் அவன் தலையைத் தடவிக் கொடுத்தான். குற்றாலலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சீக்கிரம் ரோட்டுக்குக் கொண்டு போங்கள், ஜனங்கள் பார்க்கட்டும் என்று அவசரப்படுத்தினார்.

ரோட்டில் கூட்டம் மலையாளத்தில் கோஷம் போட்டது. ஜிபின் சாகவில்லை, எங்களுக்குள் வாழ்கிறான் என்றது.

வந்தவர்களில் ஒருவன் பின்கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றான். இன்னொருவன் முன்பக்க ஷட்டரைத் தரை வரைக்கும் இறக்கினான். கூட்டம் உள்ளே பாய்ந்துவிடக் கூடாதே என்றுதான் செய்கிறார்கள் என்று குற்றாலலிங்கம் நினைத்துக்கொண்டார். சாம்பசிவன் ஜிபினை அணைத்த கையை எடுக்காமல், நிதானமாகக் கேட்டான்.

"இவன வேற யாரு பாத்தா, அண்ணாச்சி?"