கடைசியாகத் தொட்டவர்

“இந்த வரியை எழுதினது நீங்களா, இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க மேடம்.”

விசாரணை அதிகாரி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். லிஃப்டை இயக்கும் ப்ரோக்ராமின் நடுவே ஒரே ஒரு வரி மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அதற்கு நேரே, கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில், அவள் பெயர்.

கரண்ட் போய்த் திரும்பினால், கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே லிஃப்ட் நகர வேண்டும். அந்த வரி அதைப் பார்க்கவில்லை. திறந்த கதவோடு லிஃப்ட் கிளம்பிவிட்டது. அப்போது உள்ளே கால் வைத்த இளைஞன் இறந்து நாற்பது நாளாகிறது. அவனுடைய அம்மா மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார்.

“சார், ஒரு நிமிஷம்” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்தான் சக புரோகிராமர். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆபீசில் அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர். அவளுக்கு ‘டீச்சர்’ என்று பெயர் வைத்தது அவன்.

“இவங்க ஒரு ஃபார்மேட்டிங் பைத்தியம் சார். வரி ஆரம்பத்துல நாலு இடைவெளி விடணும். மூணு விட்டா, ப்ரோக்ராம் எவ்வளவு நல்லா ஓடினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. நானே பதினோரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?”

“இருக்கு சார். போன வருஷம் இந்த விதியைக் கொண்டுவந்தப்ப, பழைய ஃபைல் அத்தனையையும் ஒரே நாள்ல இவங்களே சீர் பண்ணினாங்க. முப்பதாயிரம் வரி! ஒரு இடைவெளியைத் தொட்டாக்கூட தொட்டவங்க பேருதான் பதிவாகும். அதனால எங்க பார்த்தாலும் டீச்சர் பேரு. நிஜமா எழுதினது யாருங்கிறது அதுக்கு முந்தின பதிவுல இருக்கும். ரெண்டே கிளிக்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “அப்படியா மேடம்? வேற ஆள்னா இப்பவே சொல்லிடுங்க. சாயங்காலம் இந்த ஃபைல் போலீசுக்குப் போகுது. போச்சுன்னா கைதுதான்.”

அவசரம் லேப்டாப்பை நோக்கிக் கையை நீட்டினான். அவள் அதன் மூடியைச் சாத்தினாள்.

“தேவையில்ல சார். நான்தான் எழுதினேன்.”

“டீச்சர்!”

“நீ உக்காரு.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி லிஃப்ட் ஒரு சின்ன விளக்கைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கியது. அறையில் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அதுவரை வாய் திறக்காத அம்மா மெல்ல எழுந்து அவளருகே வந்தார்.

“எனக்கு மாடி ஏற முடியலன்னுதான் லிஃப்ட் இருக்கிற வீடாப் பார்த்துக் குடிவெச்சான். இதை எழுதின கை விளங்காமப் போகணும்னு நாப்பது நாளா சாபம் விட்டுக்கிட்டிருக்கேன். யாரு கைன்னுதான் இதுவரைக்கும் தெரியாம இருந்துச்சு.”

மேசைமேல் இருந்த கைகளை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

“ஏம்மா, ஒரு வேலையைச் செஞ்சா பார்த்துச் செய்யணும்னு உன்னைப் பெத்தவ சொல்லிக் குடுக்கலையா?”

“குடுத்திருப்பாங்கம்மா” என்றாள் அவள். “பெத்தவங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

அம்மா அவளை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் தன் இடத்துக்கு வந்து தண்ணீர் பாட்டிலையும் கண்ணாடிக் கூட்டையும் பைக்குள் போட்டாள். அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவசரம் பின்னாலேயே ஓடிவந்தான்.

“உங்களுக்கு மூளை கலங்கிடுச்சா? பத்தாவது படிக்கிற பொண்ணு இருக்கா வீட்டுல. அவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“தெரியல.”

“எழுதினவன் எங்கேயோ ஜாலியா காலாட்டிக்கிட்டிருப்பான். அவனுக்காக நீங்க உள்ள போகணுமா?”

“அந்த வரியை நானும் பார்த்தேன்டா. மூணு இடைவெளி இருந்துச்சு, நாலாக்கினேன். அது என்ன சொல்லுதுன்னு படிக்கல. அந்த அளவுக்கு நான் உள்ள போகத்தான் வேணும்.”

அவன் கேட்கவில்லை. தன் கம்ப்யூட்டரில் பழைய பதிவைத் திறந்துவிட்டான். பெயருக்குப் பதிலாக ஓர் எண்தான் இருந்தது.

“ஒப்பந்த ஆள் நம்பர். நாப்பத்தொண்ணு. யாரு டீச்சர் இது?”

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாலு மாசம், வீட்டுல இருந்தே நமக்கு வேலை பார்த்த பையன். நல்லா எழுதுவான். இடைவெளி மட்டும் வராது. எந்தக் கம்பெனிக்கு எழுதுறான்னு அவன் வீட்டுல யாருக்கும் தெரியாது.”

“போன் நம்பர் குடுங்க. நான் கேக்குறேன் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி. அதிகாரி இன்னும் வாசல்லதான் நிக்கிறாரு, இப்பவே வரச் சொல்லலாம்.”

அவள் பையை மாட்டிக்கொண்டு அவன் தோளில் கை வைத்தாள்.

“அவன் வர மாட்டான்டா. இப்ப சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்களே ஓர் அம்மா... அவங்க பிள்ளைதான் அந்த நாப்பத்தொண்ணு.”